விருந்துக்குப் போன ஊர்

வெள்ளிக்கிழமை மாலை, சிவகாசிப் பேருந்து நிலையத்தில் வெம்பக்கோட்டைக்குப் போகும் நகரப் பேருந்தில் ஏறினோம், நானும் என் விடுதி அறைத்தோழி செல்வராணியும். அந்தச் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது அவளுடைய ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். டிக்கெட்டுக்கு இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். நடத்துநர் வாங்கவில்லை.

"பொம்பளைகளுக்கு ஃப்ரீம்மா. ரூவாய உள்ள வைங்க. வெளியூரா?"

"மலேசியா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து இந்த வெயிலத் தேடி வந்தீகளா?" என்று சிரித்துவிட்டு முன்னால் போனார்.

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அங்கே ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, கோயில் திருவிழா அறிக்கைகள். அந்தத் தொழிலை முறையாகப் படிக்கத்தான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். 'தமிழ்நாடுதானே, அதை வெளிநாடு என்று சொல்ல முடியுமா?' என்று ஈப்போவில் இருக்கும் தோழிகள் கேட்பார்கள். முடியும். வந்த முதல் வாரம், காலையில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. காலைச் சாப்பாட்டை நாங்கள் பசியாறுவது என்றுதான் சொல்வோம். ஈப்போவில் சாயங்காலமானால் மழை வரும். இங்கே மேகம் வரும், மழை வராது. துவைத்த துணி அரை மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அதே வாளியில் தலையும் அலசக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பேருந்து ஊரைத் தாண்டியதும் கரிசல் நிலமும் சீமைக்கருவேலமும்தான். நடுநடுவே முள்வேலிக்குள் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வேப்பமர நிழலில். பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். "கம்பெனி," என்றாள் செல்வராணி. "பட்டாசுக் கம்பெனி. எங்கம்மா வேல பாக்குற எடமும் இப்படித்தான் இருக்கும்."

அவள் அம்மாவின் பெயர் பாண்டியம்மா. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்குகளில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து திணிக்கிற வேலை. பட்டாசுக்குள் போகும் பொடியை இங்கே மருந்து என்றுதான் சொல்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வெள்ளி போகாதாம்.

மறுநாள் சனிக்கிழமை. வாரச் சம்பளம் தருகிற நாள் என்பதால் அன்றைக்கு யாரும் லீவு போட மாட்டார்கள். பாண்டியம்மா போட்டிருந்தார். எனக்குக் கோழிக்குழம்பு வைக்க.

காலையில் வேலைக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். காளீஸ்வரி. என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

"இதான் மலேசியாவா? நம்மள மாதிரியே இருக்கு!" என்றாள். பிறகு பாண்டியம்மாவிடம், "மதினி, இன்னைக்கு ஒங்க எடத்துல நான் உக்காந்துக்கிறேன். சொல்லிட்டீகள்ல?"

"ஃபோர்மேன்ட்ட லீவு மட்டுந்தான் சொன்னேன். ரூமுல இருக்கிறவளுகட்ட சொல்லி வச்சிருக்கேன், போய் உக்காரு. பாத்துத் திணி."

காளீஸ்வரி வழக்கமாகச் செய்வது காகிதக் குழாய் சுருட்டும் வேலை. மருந்து திணிக்கும் அறையில் கூலி கொஞ்சம் கூட. கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறியவள் சன்னலில் இருந்து எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அதற்குமேல் அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணி தாண்டியிருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தரைதான் முதலில் அசைந்தது. சத்தம் அப்புறம் வந்தது. அடுக்கில் இருந்த தட்டுகள் சரிந்தன. இடி என்றே நினைத்தேன். ஈப்போவில் இடி அப்படித்தான் விழும். ஆனால் வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தெருவில் இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. தெற்கே, கருவேலங்காட்டுக்கு மேல், வெள்ளைப் புகை ஒன்று எழுந்து மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.

"நம்ம கம்பெனிலே," என்றார் பாண்டியம்மா. செருப்புப் போடவில்லை. ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். வழியில் ஒரு சரக்கு ஆட்டோ நின்று ஏற்றிக்கொண்டது. அந்த வண்டியில் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம்.

கம்பெனி வாசலை நெருங்கும்போது வானத்திலிருந்து காகிதம் விழுந்துகொண்டிருந்தது. என் தோளில் ஒன்று விழுந்தது. பூச்சட்டி டப்பாவில் ஒட்டுகிற லேபிள். சிரிக்கிற குழந்தைப் படம், நான்கு வண்ண அச்சு, ஓரம் கருகியிருந்தது. வகுப்பில் இதைப் போன்ற லேபிள்களைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நிறம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று சொல்லி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கையால் தட்டிவிட்டேன். அது போகாமல் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு மரத்தடியில் தப்பி வந்த பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காளீஸ்வரி இல்லை. ஃபோர்மேனைப் பிடித்து உலுக்கினார்.

"என் ரூமு என்னாச்சு? காளீஸ்வரி எங்க?"

"அவ குழா சுருட்டுற ஷெட்டுல இருந்து ஓடியிருப்பாம்மா. ஒன் ரூமுல இன்னைக்கு ரெண்டே பேருதான? ஒன் எடம் காலி. அந்த ரெண்டு பேரையும் வண்டில ஏத்தியாச்சு."

"காலி இல்ல! அவதான் அங்கன உக்காந்திருந்தா!"

ஃபோர்மேனின் முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அறையில் மூன்றாவது ஆள் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் தேடவில்லை.

தீயணைப்பு வீரர்கள் உள்ளே யாரையும் விடவில்லை. ஃபோர்மேன் அவர்களிடம் ஓடினார். பாண்டியம்மா காத்திருக்கவில்லை. வேலியை ஒட்டி இடது பக்கமாக நடக்கத் தொடங்கினார். "பின்பக்கம் ஒரு வழி இருக்கு. ஓடுனா அங்கனதான் ஓடியிருப்பா," என்றார். செல்வராணி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. மூன்று பேரும் முள்ளுக்குள் நடந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாண்டியம்மா ஒரு தடவைகூடக் குனியவில்லை.

பின்பக்கம், வேலிக்கு வெளியே காய்ந்த ஓடை ஒன்று இருந்தது. அதற்குள் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். விழுந்து கிடக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கையை நான் விவரிக்கப் போவதில்லை. பாண்டியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. முன்னால் போய் நின்ற பிறகுதான் கண்கள் எங்களைக் கண்டன.

"மதினி," என்றாள் மிகச் சத்தமாக, தனக்கே தன் குரல் கேட்காதவள்போல. "நான் சரியாத்தான் திணிச்சேன்."

தீயணைப்பு வீரர்கள் வந்து தூக்கிப்போனார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது அவள் கணவர் முனியசாமி வந்து சேர்ந்தார். லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நடந்ததை யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேரே பாண்டியம்மாவின் முன் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுக்கு விருந்தாளி வந்ததுக்கு என் பொண்டாட்டி வேகணுமா மதினி?"

விருந்தாளி நான்தான். சுவரோடு சுவராக நின்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அந்த இடத்தில் அது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று தெரிந்து விழுங்கிவிட்டேன்.

"அந்தப் பிள்ளையச் சொல்லாதீக," என்றார் பாண்டியம்மா. "லீவு போட்டது நானு. உக்காரச் சொன்னது நானு. வையிறதா இருந்தா என்னைய வைய்யிங்க."

முனியசாமி வையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். பிறகு, "நீங்க தேடலைன்னா அவ அங்கனயே கெடந்திருப்பா," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இரண்டும் உண்மை.

அன்று அந்தக் கம்பெனியிலிருந்து வீடு திரும்பாதவர்களும் இருந்தார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதக் கூடாது.

விடுதிக்குத் திரும்பிய பிறகு பல நாட்கள் எனக்கு வகுப்பில் கவனம் நிற்கவில்லை. அப்பா போனில் "வந்துவிடு" என்றார். போகவில்லை. ஞாயிறுதோறும் செல்வராணியோடு மதுரைக்கு எழுபது கிலோமீட்டர் பேருந்தில் போய்க் காளீஸ்வரியைப் பார்த்துவிட்டு வந்தேன். கை பிழைத்தது, விரல்கள் முழுதாக மடங்காது. இடது காது போய்விட்டது.

எனக்கு அதைவிட அதிர்ச்சி தந்தது வேறொன்று. கம்பெனியைப் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் பாண்டியம்மா வேறொரு கம்பெனியின் வேனில் ஏறிவிட்டார். மறுபடியும் மருந்து திணிக்கத்தான்.

"ஏன் அத்தை?" என்று கேட்டேன்.

"தீபாவளி சீசனும்மா," என்றார். "ராணிக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்குல்ல?" என் கேள்விதான் அவருக்கு வினோதமாக இருந்திருக்கும்.

தீபாவளி விடுமுறைக்கு ஈப்போ வந்தேன். அக்கம்பக்கத்துச் சீனர்களும் மலாய்க்காரர்களும் வீடு வீடாக வந்து முறுக்குச் சாப்பிட்டுப் போனார்கள். இருட்டியதும் தெருப் பிள்ளைகள் பட்டாசைத் தொடங்கினார்கள். முதல் வெடிக்கே நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கிருந்து செல்வராணியை அழைத்தேன். பேசிக்கொண்டே இருந்தவள், "இரு, இங்க ஒருத்தி பிடுங்குறா," என்று யாரிடமோ போனைக் கொடுத்தாள்.

"பொறு, காத மாத்திக்கிறேன்," என்றது காளீஸ்வரியின் குரல். "ம், இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும். சொல்லும்மா."

வெளியே ஒரு சரம் தொடர்ந்து வெடித்தது.

"அங்கனயும் போடுறாகளா? பிள்ளைகளா?"

"ஆமாக்கா."

"எட்ட நிக்கச் சொல்லு. பத்த வச்சிட்டுக் குனிஞ்சு பாக்கக் கூடாது. போய்ச் சொல்லிட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்."

கதவைத் திறந்து வெளியே போய்ச் சொன்னேன்.