முதலில் திறக்கும் பக்கம்

பெரம்பலூர் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஆதார் அட்டையை நைந்துபோகக் கொண்டுவருகிறவர்களை, "இதென்ன வெத்தல பாக்கு மடிக்கிற காயிதமா?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பாள். ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரியாமல் முழிக்கிறவர்களிடம், பேனாவைப் பிடுங்கி அவளே எழுதிக் கொடுப்பாள்.

பூலாம்பாடியில் அடுத்தவர் கொல்லையில் வெங்காயத்துக்குக் களையெடுத்துப் பிழைத்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் பாலிடெக்னிக் படித்த முதல் ஆள் அவள்தான். படித்ததை வீணாக்கவில்லை. நகலெடுக்கிற நேரம் போக, மிச்ச நேரத்தில் வலைத்தளம் செய்து கொடுத்தாள். விதைக்கடை, கல்யாண மண்டபம், நர்சரி பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய தளங்கள் அவள் கையால் ஆனவை.

வலைத்தளம் என்றால் பெரிய மாயமெல்லாம் இல்லை. ஃபோல்டர்கள், அதற்குள்ளே பக்கங்கள், அவ்வளவுதான். ஒருவர் வெறும் முகவரியை மட்டும் அடித்தால், அந்த ஃபோல்டரில் கிடக்கிற பக்கங்களில் எதைக் காட்டுவது என்று, தளத்தை வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் யோசிக்காது. இன்ன பெயருள்ள பக்கத்தை முதலில் தேடு, அது இல்லாவிட்டால் இன்னதைத் தேடு என்று ஒரு வரிசை இருக்கும். அதன்படி முதலில் அகப்படுவதைக் காட்டிவிடும். இதை வாடிக்கையாளர்களுக்கு அவள் விளக்குகிற விதமே தனி. "வூட்டுக்கு ஆளு வந்து கதவத் தட்டுறாங்க. யாரு போயி மொதல்ல நிக்கணும்னு நாமதான் சொல்லி வெக்கணும். சொல்லலன்னா எவன் கிட்டக்க கெடக்குறானோ அவன் போயி நிப்பான். அப்புறம் குய்யோ முறையோன்னு எங்கிட்ட வரக்கூடாது!"

இவ்வளவு தெரிந்தவள்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் புருஷன் அறிவரசன் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். நாலுவழிச் சாலையில் ஒரு விபத்தில் ரத்தம் கிடைக்காமல் ஒருவன் துடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். பிறகு ஊர் ஊராகப் போய் ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கிறவர்களைத் திரட்டினான். பெண்டாட்டியிடம் கேட்டுக் கேட்டு, தானே ஒரு பக்கம் எழுதினான். சிவப்பு எழுத்தில் 'ரத்தம் வேண்டுமா? கூப்பிடுங்கள்' என்ற வரி, கீழே அவன் சிரிக்கிற போட்டோ, அவனுடைய போன் நம்பர். எழுத்துகள் கோணல்மாணலாக நின்றன. "பஸ்ஸுல ஸ்டெப்னி கட்டுன மாதிரி இருக்கு" என்று அவள் கேலி செய்ததற்கு, "ரத்தம் கேக்குறவன் அழகா பாக்கப் போறான்? போடி" என்றான். அந்தப் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் எச்டிஎம்எல். புதிதாகக் கற்கிற எல்லோரும் முதல் பக்கத்துக்கு வைக்கிற பெயர்.

பின்னால் ஆட்கள் பெருகியதும் அவளே வேறொரு முகப்பு செய்தாள். ஊரையும் ரத்த வகையையும் தேர்ந்தெடுத்தால் கொடுப்பவர்களின் பெயர் வரும். மேலே அவளுடைய நம்பர் இருக்கும். அதற்கு இண்டெக்ஸ் பிஎச்பி என்று பெயர். அப்போது இருந்த சர்வர் பிஎச்பியைத்தான் முதலில் தேடும். அதனால் அறிவரசன் எழுதிய பக்கம் அதே ஃபோல்டரில் சும்மா கிடந்தது. அழித்திருக்கலாம். அழிப்பதற்குள் அவன் போய்விட்டான். டிப்போவில் டீ குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அதை எப்படி அழிப்பாள்? மனசு கேட்கவில்லை. அவனுடைய சட்டைகளைக்கூடக் கொடுத்துவிட்டாள், அந்தப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. தாங்காதபோது அந்தப் பெயரை முழுசாக அடித்துத் திறந்து, அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மூடுவாள். அவனுடைய சிம்மைக் கொஞ்ச காலம் ரீசார்ஜ் செய்துவந்தாள். யாராவது கூப்பிட்டு "அறிவு இருக்கானா?" என்று கேட்கும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

போன வருஷக் கடைசியில் சர்வர்காரர்கள் எல்லாத் தளங்களையும் வேறு சர்வருக்கு மாற்றினார்கள். புதிய இடத்தில் முதல் பக்க வரிசை மாறும், சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். வெற்றிச்செல்வி மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருடைய ஃபோல்டரிலும் எந்தப் பக்கம் முதலில் திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினாள். விதைக்கடைக்கு எழுதினாள், மண்டபத்துக்கு எழுதினாள். தன்னுடைய ரத்தத் தளத்துக்கு மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள். நம்முடையதுதானே, எங்கே ஓடிவிடப் போகிறது? அந்த நேரம் பார்த்து ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கூட்டம் வந்துவிட்டது. அப்புறம் என்பது வரவே இல்லை.

கடைக் கம்ப்யூட்டரில் அவளுக்குத் தளம் சரியாகத்தான் திறந்தது. முகவரியோடு பிஎச்பி பெயரும் சேர்ந்தே அதில் பதிவாகியிருந்தது. தான் கட்டிய வீட்டுக்குள் அவள் எப்போதும் கொல்லைப்புறமாகவே போய்வந்தாள், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ரத்தம் கேட்டு வரும் போன்கள் குறைந்து, பிறகு அடியோடு நின்றன. யாருக்கும் ஆபத்தில்லை போல, நல்லதுதானே என்று நினைத்தாள் அந்தப் புண்ணியவதி.

மாசி மாதம் ஒரு முற்பகலில் ராசாங்கம் என்கிற பெரியவர் கடைக்கு வந்தார். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிற மனிதர். பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து நீட்டினார்.

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடு ஆயி. இறப்புச் சான்றிதழுக்குக் கேக்குறாங்க."

"யாருக்குங்க?"

"எம் மவ. தென்றல். தலப் பிரசவம்." அவர் கண் மெஷின் வெளிச்சத்திலேயே இருந்தது. "புள்ள பொறந்துருச்சு. அவளுக்கு ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். ஆஸ்பத்திரில இருந்தத ஏத்திட்டாங்க. இன்னும் வேணும், ஆளப் புடிங்கன்னாங்க. திருச்சிலேருந்து வண்டில வந்துக்கிட்டே இருந்துச்சு, அதுக்குள்ள..."

வெற்றிச்செல்விக்குக் கை நின்றுவிட்டது. "இந்த ஊர்லயே கெடச்சிருக்குமேய்யா. வெப்சைட்ல பாத்திருந்தா..."

"பாக்காமயா இருந்தோம்!" பெரியவர் மெஷினிலிருந்து கண்ணை எடுத்தார். "மருமவந்தம்பி போன்ல தேடி எடுத்தான். ரத்தம் வேண்டுமா கூப்பிடுங்கள்னு செவப்பா எழுதிருக்கு. அடிச்சா, ஒருத்தன் எடுத்து ராங் நம்பர்ங்கறான். போட்டோ இருக்கு, பேரு இருக்கு, நம்பரும் அதேதான், ராங் நம்பராம்! அய்யா, சாமி, புள்ள போயிரும்னு நான் போன வாங்கிக் கெஞ்சுறேன். சும்மா சும்மா அடிக்காதய்யான்னு கட் பண்ணிட்டான். அப்புறம் போனே போவல. அவன் நல்லா இருப்பானா ஆயி? கட்டையில போறவன்! சிரிச்சுக்கிட்டு வேற நிக்கிறான் போட்டோவுல."

அவரே தன் போனை எடுத்துக் காட்டினார். அறிவரசன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சர்வர் மாறியது, வரிசை மாறியது, எச்டிஎம்எல் முன்னால் வந்து நின்றது. அவனுடைய பழைய நம்பர் இப்போது எவனோ ஒருவனுக்குப் போயிருக்கிறது. தினமும் யார் யாரோ ரத்தம் கேட்டு அழைக்க, அந்த மனுஷனும் வெறுத்துப்போயிருப்பான்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ளையா இருக்க. இவன் எந்த ஊருக்காரன்னு பாத்துச் சொல்லு ஆயி. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். வூட்டு வாசல்ல போயி நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

தெரியாது என்று சொல்லிவிடலாம். காகிதங்களைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர் வேப்பந்தட்டை பஸ் ஏறிவிடுவார், இந்தக் கடைப்பக்கம் மறுபடி வரவும் மாட்டார். ஆனால் ஊருக்கெல்லாம் ரத்தம் தேடி ஓடிய மனுஷன், காலத்துக்கும் ஒரு தகப்பனின் வாயில் கட்டையில் போகிறவனாகவே இருப்பான். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவரு எங்க வூட்டுக்காரருங்கய்யா. செத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. போன எடுத்தது அவரு இல்ல. அந்த நம்பரு வேற யாருக்கோ போயிருச்சு. பழைய பக்கத்த அழிக்காம வெச்சிருந்தது நாந்தான். அது முன்னாடி வந்து நிக்காம பாத்துக்க வேண்டியதும் நாந்தான். ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல. அவர வையாதீங்க, என்ன வையுங்க."

பெரியவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வரும் வரிசையும் அவருக்கு என்ன புரியும்? ஒன்று மட்டும் புரிந்தது.

"அப்ப செத்தவங்கிட்டயா ஆயி நான் அவ்ளோ நேரம் கெஞ்சுனேன்?"

அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பைக்குள் வைத்தார். "பால் டின்னு வாங்கிக்கிட்டுப் போவணும், புள்ள கத்திக்கிட்டுக் கெடக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். எழுதி முடிக்கக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அறிவரசனின் பக்கத்தையும் அழித்தாள். பிறகு, இப்போதாவது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று, பெரம்பலூரும் ஓ நெகட்டிவும் கொடுத்துத் தேடினாள். ஒரு பெயர் வந்தது. முத்தமிழ்செல்வன். டெய்லர். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெருவிலேயே கடை.

கூப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. அவன் அன்று வெளியூர் போயிருந்தான், காய்ச்சலாகக் கிடந்தான் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டானா என்று ஒரு நப்பாசை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பார்த்த தேதியைச் சொல்லி, அன்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று கேட்டாள்.

"கடையிலதான்க்கா. அன்னிக்கு எங்க தெருவுல கரண்ட் இல்ல. வேல ஓடாம சும்மா ஒக்காந்திருந்தேன்." பின்னால் தையல் மெஷின் ஓடி நிற்கிற சத்தம் கேட்டது. "ஏன்க்கா, யாருக்காச்சும் ரத்தம் வேணுமா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, இந்தா கெளம்பிட்டேன்."