செவலையா கருப்பா

நான் எடுத்த முதல் படம் பதினோரு நிமிடம் ஓடும். கறுப்பு வெள்ளை. மார்கழி விடியற்காலையில் எங்கள் நாற்றங்கால் வரப்பில் முக்காலி போட்டு, கேமராவை ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். படத்தில் பனி இருக்கும். வசனமோ இசையோ கிடையாது. ஏழாவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு மாடு வந்து மேயும். விறுவிறுப்பு அவ்வளவுதான். தொடக்கத்தில் ‘யாருமற்ற நிலம்’ என்று எழுத்து வரும். அந்த இரண்டு வார்த்தைக்கு நான்கு நாள் யோசித்தேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் இந்த மாதிரிப் படத்துக்கு ஆள் குறைவு. நண்பன் ஒருவன் போனில் பார்த்துவிட்டு, நெட் மாட்டிக்கொண்டதா என்று கேட்டான். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அன்று காலை அந்த மாடு எங்கள் நாற்றில் கால்வாசியைத் தின்றுவிட்டது. வயலை ஒட்டிக் குடியிருக்கும் அக்காவின் செவலைப் பசுதான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அந்த அக்கா பல வருடமாக எங்கள் வயலில் நடவு நடுகிறவர். சொந்த நிலம் கிடையாது. நடவு வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம். அப்பா அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு மற்ற நிலக்காரர்களும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா நேரில் வந்தார். செவலையையும் ஓட்டி வந்து கேட்டில் கட்டினார்.

“எம்மாடு மேயலீங்க ஐயா. அந்நேரத்துக்கு நான் அத்த ஏரிக்கு இட்டுக்கினு போய்க்கினு இருந்தேன்.”

“பார்த்தது யாரு?” என்றார் அப்பா.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கிட்ட படம் கீதுப்பா” என்றேன். நியாயத்துக்காக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேராவது முழுசாகப் பார்ப்பார்களே என்ற ஆசை.

அக்கா உள்ளே வரவில்லை. நானும் ஒரு தரம்தான் கூப்பிட்டேன். டி.வி.யை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

அப்பா ஆறு நிமிடம் பனியைப் பார்த்தார். “கரண்ட்டுக்குக் கேடு” என்றார். மாடு வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“செவலையா, கருப்பா?”

“தெரியாதுப்பா. இது பிளாக் அண்ட் ஒயிட்.”

“கலர்ல போடு.”

“கலரே கெடியாது. எடுக்கும்போதே அப்டித்தான் எடுத்தேன்.”

“மாடு இன்னா கலருன்னு தெரியல, இதெல்லாம் ஒரு படமா?”

அந்தப் படத்துக்கு இன்றுவரை வந்த ஒரே விமர்சனம் அது. நியாயமானதும்கூட.

“இவ மாடேதான்” என்று அப்பா எழுந்தார்.

“நிறுத்து தம்பி” என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து அக்கா சொன்னார். “அந்தப் பனமரத்தாண்ட பாரு. அது நானு. பின்னாடி வர்றது எம்மாடு.”

வலது ஓரத்தில் ஒரு புள்ளியும் அதன் பின்னால் ஒரு பெரிய புள்ளியும் இருந்தன. பெரிதாக்கினேன். தூக்கிச் செருகிய புடவை, கையில் கயிறு, கயிற்றின் முனையில் பசு. அதே நேரத்தில் இன்னொரு மாடு எங்கள் நாற்றைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் புள்ளிகளை எனக்கு முன்பே தெரியும். லென்ஸில் ஒட்டிய தூசி என்று நினைத்து, அழிப்பதற்கு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். இடம் மாறிக்கொண்டே இருந்ததால் சலித்துப்போய் விட்டுவிட்டேன். தூசி நடக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சமையலறையிலிருந்து அம்மா, “அன்னிக்கு நம்ம கருப்புதான் கவுத்த அறுத்துக்கினு போச்சு. அப்பவே சொன்னேன், யாரு காதுல வாங்குனீங்க?” என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வியாழக்கெழம நடவு. வந்துடு” என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

நிறுத்தியதை ஓடவிடப் பொத்தானை அமுக்கினேன்; டி.வி.யில் படம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“யாருமே இல்லன்னு போட்டுக்கீறியே தம்பி.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. “கவனிக்கலக்கா.”

“எத்தினி தபா பார்த்தே?”

“நூறு தபா இருக்கும்.”

“நான் ஒரு தபாதான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, செவலையை அவிழ்க்கப் போனார்.