ஏழு வீட்டு விதை

எனக்குப் பேச்சு சட்டென்று வராது. யாராவது ஏதாவது கேட்டால், பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கேட்டவர் வேறு பேச்சுக்குப் போன பிறகுதான் மெல்ல எழுந்து வரும். ஐம்பதை நெருங்கியும் இன்னும் அப்படித்தான். மூன்றாம் வகுப்புப் படித்தபோது இதைவிட மோசம். அந்த வயதில் நான் வாய் திறக்காததால், எங்கள் வீட்டு விதைச் சாமை முழுவதும் ஒரே மத்தியானத்தில் சோறாகிப் போனது.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊரில் மொத்தம் எட்டு வீடுகள். அப்போதே விளைகிற காட்டில் பாதி குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்குப் போயிருந்தது. லாரி வந்து கிழங்கை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிடும். அப்பாவுக்கு அந்த லாரியின் மேல் பெரிய மரியாதை. எங்கள் நிலம் முழுக்கக் கிழங்கே வைத்துவிடலாம் என்பார். ஓடையை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். அதில் சாமைதான் விளையும். அதற்கான விதையைச் சாம்பலோடு கலந்து சுரைக்குடுக்கையில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பாள். புகை பட்டுப் பட்டுக் குடுக்கை கறுத்திருக்கும்.

அந்த ஆனி மாதம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே மலையிறங்கிப் போய்க் கட்டட வேலையில் சேர்ந்தவர். அவர் வந்தால் வீடு சத்தமாகிவிடும். அன்று அப்பாவும் அம்மாவும் காட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் ஒரு சட்டி களியும்தான் இருந்தோம்.

"கீழ தெனமும் அரிசிச் சோறு தின்னு நாக்கு செத்துப்போச்சு கண்ணு. சாமைச் சோத்துக்காகவே பஸ் ஏறி வந்தேன்" என்றார் மாமா. தானியப் பானையைத் திறந்து பார்த்தார். காலி. பிறகு பரணைப் பார்த்தார்.

"ஆனி பொறந்து பத்து நாளாச்சே. இது விதைச்சு மிஞ்சினதுதானே?"

கீழே மழை பெய்து விதைப்பு முடிந்திருந்தது. மேலே எங்களுக்கு மழை பிந்திவிட்டது. இன்னும் விதைக்கவில்லை. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல் தொண்டைக்கு வந்தது, உட்கார்ந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. எனக்கும் சாமைச் சோறு பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரலில் குத்தினார். அவருக்குப் புடைக்கத் தெரியவில்லை. முறத்தை வீசிய வீச்சில் சாம்பல் எல்லாம் அவர் மீசையில் ஏறியது. மொச்சைக் குழம்பும் அவரே வைத்தார். பானை நிறைய ஆக்கி, வந்துபோன ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்படி ஒரு சாப்பாட்டை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். முதலில் பரணைப் பார்த்தாள். அப்புறம் உரலைப் பார்த்தாள். கடைசியில் மாமாவின் மீசையைப் பார்த்தாள்.

"ஏண்டா, விதையையா குத்துன?"

"மிஞ்சினதுன்னு நெனச்சேங்க்கா. இவங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"இவங்கிட்டயா கேட்ட? இவன் பதில் சொல்ல அடுத்த ஆனி ஆவுமே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி விடு. அந்தத் துண்டுலயும் கிழங்கே வெச்சுட்டாப் போச்சு. லாரி வந்து தூக்கிக்கும்."

"லாரி வராத அன்னைக்கு என்னத்தைங்க திம்பீங்க?" என்றாள் அம்மா. அப்பா துண்டை மறுபடியும் உதறினார்.

எங்கள் பக்கத்தில் விதையைக் காசுக்கு வாங்குவதில்லை. கடனாகக் கேட்டு வாங்கி, விளைந்ததும் ஒரு படிக்கு ஒன்றரைப் படியாகத் திருப்புவோம். கேட்கப் போகிறவரும் அந்த நிலத்தில் விதைக்கப்போகிற வீட்டு ஆளாக இருக்க வேண்டும். மாமா எழுந்தார். அவர் வேறு ஊர்க்காரராகிவிட்டார் என்று அம்மா உட்கார வைத்துவிட்டாள்.

"தலையாட்டுனவனே போவட்டும்."

விடிந்ததும் ஒரு பையோடு என்னை அனுப்பினாள். மழை எந்த நேரமும் இறங்கலாம். ஏழு வீட்டிலும் கேட்டு வர வேண்டும். முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பசியாக்கும் என்று களியை உருட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் வீட்டில் வாழைப்பழம். அதற்குள் சேதி எனக்கு முன்னே ஓடியிருந்தது. மூன்றாம் வீட்டுச் சித்தப்பா, நான் வாய் திறப்பதற்குள் ஒரு படி சாமையை அளந்து பையில் கொட்டினார்.

"உங்க மாமன் குத்துன சத்தம் எங்க ஊடு வரைக்கும் கேட்டுதே சாமி. நேத்தே சொல்லியிருந்தா நானும் ஒரு வாய் சாப்புட வந்திருப்பேன்."

அடுத்த இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு படி கொடுத்தார்கள். ஆறாவது வீட்டில் விதை இல்லை. வேகவைத்த கிழங்கு கொடுத்தார்கள். கடைசியில் மேட்டு வீட்டுப் பெரியம்மா. வாசலில் நின்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

"விதை வேணுங்க பெரியம்மா."

பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். "அட, உனக்குக் கொரலு இருக்குதா கண்ணு?" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகம் வாடியது. மூன்று வருடமாக அவர்களும் கிழங்குதான் போடுகிறார்கள். குந்துமணி அளவு விதைகூட வீட்டில் இல்லை. வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஒரு முழுப் பலாப்பழத்தை என் தலையில் ஏற்றிவிட்டாள்.

மூன்று படி விதை வந்துசேர்ந்தது. இரண்டு நாளில் மழை இறங்கியது. விதைத்தோம். ஐப்பசியில் ஓடைத் துண்டு முழுக்கச் சாமைக் கதிர் தலைசாய்ந்து கிடந்தது. மாமா அறுப்புக்கே வந்துவிட்டார். இந்த முறை அம்மா அவரை உரல் பக்கம் விடவில்லை.

திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. அம்மா விதையை அளந்து ஏழு மூட்டை கட்டினாள். மூன்று மூட்டையில் ஒன்றரைப் படி, நான்கு மூட்டையில் ஒரு படி. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"மூணு ஊட்டுலதாம்மா விதை குடுத்தாங்க. மத்தவங்க களியும் பழமுந்தான் குடுத்தாங்க."

"குடுத்தாங்கல்ல? கொண்டு போ."

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். பாவம், கணக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். சிலேட்டை எடுத்து எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கீழே 'நட்டம் நாலு படி' என்று எழுதிக் கோடும் போட்டுக் காட்டினேன். அம்மா சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "எழுத்து குண்டு குண்டா நல்லாருக்குது சாமி" என்று சொல்லி மூட்டைகளை என் தலையில் ஏற்றினாள்.

இரண்டு வருடம் கழித்து, அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடவில்லை. எங்கள் கதிர் காட்டிலேயே முளைத்துப் போனது. விதைக்கு ஒரு பிடி தேறவில்லை. அன்றைக்கு விதை கொடுத்த மூன்று வீட்டில் இரண்டு வீடு முழுசாகக் கிழங்குக்கு மாறியிருந்தது. மூன்றாவது வீட்டுக் கதிரும் எங்களுடையதைப் போலவே முளைத்துவிட்டது. அடுத்த ஆனியில் அம்மா என்னை நேராக மேட்டு வீட்டுக்கு அனுப்பினாள். அவர்கள் காடு மேட்டில் இருந்ததால் மழைக்கு முன்பே விளைந்து அறுத்துவிட்டார்களாம். பெரியம்மா பரணிலிருந்து ஒரு குடுக்கையை இறக்கினாள். புகையில் கறுத்து, வாயில் சாணி மெழுகி இருந்தது.

"உங்கம்மா குடுத்த விதையில வெளைஞ்சதுதான் கண்ணு. பலாப்பழத்துக்கு."

மூன்று படியைச் சுமந்துகொண்டு ஓட்டமாக வந்தேன். அம்மா பையைத் திறந்து, சாமையை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அந்த நட்டம் எழுதுன சிலேட்டு இன்னும் இருக்குதா சாமி?"

திருப்ப வேண்டியதைக் கணக்குப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, உள்ளே ஓடிச் சிலேட்டைத் தேடி எடுத்து வந்தேன். மூலை உடைந்திருந்தது. எச்சில் தொட்டு நன்றாகத் துடைத்து, பலப்பத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா, எழுதறேன்" என்று உட்கார்ந்தேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் துண்டை உதறாமல் சிரித்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைப் பார்த்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.