ஒன்பதாம் எண்ணின் மஞ்சள்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாற்காலியில் அவள் உருப்படியாக உட்கார்ந்ததில்லை. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடி முடிப்பதற்குள் மூன்று மேசையைத் துடைத்துவிடுவாள். "உக்காந்து சாப்பிட்டா வயித்துல ஒட்டாதா?" என்று கேட்டுக் கேட்டுப் புருஷனுக்கே அலுத்துவிட்டது. முடிவுத் தாளை வாசிப்பதில் மட்டும் அவளுக்கு அவசரமே கிடையாது. முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை வரிசையாகத்தான் போவாள்.

அந்த வாரம் அவள் கால் தரையில் பாவவே இல்லை. தானியக் கிடங்கில் மூட்டை அடுக்கும் தம்பி, காய்ச்சலோடு வார்டில் கிடந்தான். அங்கே எலிப் புழுக்கை கலந்த தூசியைச் சுவாசித்தவர்கள் பலருக்கும் ஹண்டா வைரஸ். பொல்லாத நோய் அது. காய்ச்சல் விட்டதும் ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். அப்புறம்தான் உடம்பின் ரத்தக் குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் சரியும். யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே தெரியுமா என்று ஓர் ஆய்வு நடந்தது. கிருமியைக் கண்டதும் ஊரைக் கூட்டுவதுபோல் உடம்பை உஷார்ப்படுத்துகிற ஒரு புரதம் ரத்தத்தில் உண்டு. அது எகிறினால் ஆபத்து என்று சந்தேகம். ஆய்வுக்கு ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; எது யாருடையது என்று கூடத்தில் தெரியக்கூடாது என்பது விதி. ஆள் பற்றாக்குறையால் தம்பிக்கு அவளே ரத்தம் எடுத்து, ஒன்பது என்று ஒட்டும்படி ஆகிவிட்டது.

காலையில் தம்பி போன் செய்தான். "காய்ச்சல் விட்டுடுச்சுக்கா. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம்."

"வாய மூடிட்டுப் படுடா!"

பத்து மணிக்கு, ரத்த நீர் விட்டிருந்த சோதனைத் தட்டின் குழிகள் மஞ்சளாயின. மஞ்சள் அடர்ந்தால் புரதம் அதிகம். நிறத்தை அளக்கும் இயந்திரம் முடிவுத் தாளைத் துப்பியதும் கண் நேராக ஒன்பதுக்குத் தாவியது. விதியாவது மண்ணாவது என்று வார்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"சார், ஒன்பது என் தம்பி. எகிறிக் கிடக்கு. அனுப்பிடாதீங்க."

டாக்டர் கடிந்துகொண்டார். ஆய்வு எண்ணை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்றார். கடைசியில், "சரி, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார். அவள் ஓடிப்போய் முகம் கழுவினாள், அழுதாள், தேநீர் குடித்தாள், தம்பி மனைவிக்குப் போன் செய்து அவளையும் அழவைத்தாள்.

மீதி எண்களைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு. பதினேழாம் எண்ணின் அளவு தம்பியுடையதைப்போல் இரண்டு மடங்கு. தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் குழியில் மஞ்சள் கருத்தே போயிருந்தது.

"சார், பதினேழு யாரு?" என்று மறுபடி டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கிடங்குல பெருக்குற அம்மா. காய்ச்சல் இல்லேன்னு பதினோரு மணிக்கு அனுப்பிட்டோமே. தனியாதான் பஸ் ஏறினாங்க."

பத்து மணிக்கு இதே தாள் அவள் கையில்தான் இருந்தது.

"ஏம்மா, அவங்களும் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார்," என்றாள். "அதனாலதான் பாக்கல. அவங்க போன் நம்பரக் குடுங்க."