நூறு பேருக்குக் குறையாத சேவை

எங்கள் சங்கத்தின் பொங்கல் விழாவில் நாற்காலிகளை எண்ணுவது என் பொறுப்பு. யாரும் ஒப்படைத்த பொறுப்பு அல்ல. கோயம்புத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்து, லண்டனுக்கு வந்தபின் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடும் பிரிவில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட ஹாலில் இருநூற்றுப் பத்து நாற்காலிகள் உண்டு. அவற்றில் நான்கு ஆடும். வயதானவர் யாராவது அதில் உட்கார்ந்துவிடுவாரோ என்ற கவலையில், மேடையில் பேசுவதை நான் முழுதாகக் கேட்டதே இல்லை.

சங்கத்தைத் தொடங்கியவர்கள் என்னைப்போல இந்தியாவிலிருந்து வந்தவர்கள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர்களும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் வந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹாலில் பாதிக்கு மேல் அவர்கள்தான். விழாவில் இரண்டு சிறப்புகள். அந்த வருடம் பரீட்சையில் நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசு. சமூக சேவை செய்த ஒருவருக்குப் பொன்னாடை. ஒருவருக்குத்தான். ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி கிடையாது.

அந்தப் பொன்னாடை என் மனைவிக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்குப் பல வருடங்களாக ஆசை. ஆனால் நான் கமிட்டியில் இருந்தேன். கட்டிய மனைவிக்குக் கணவனே வாய்விட்டுக் கேட்பது எப்படி? கேட்டால் ஹால் முழுக்க என்ன பேசும்?

அவள் செய்தது இதுதான். வாரத்தில் ஒரு நாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் பிரிவில், ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பெண்களுக்காகப் பேசுவாள். சம்பளம் இல்லை. பஸ் கட்டணம்கூட யாரும் தந்ததில்லை. எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் துணையாக ஒருமுறை போனதில் தொடங்கியது அது. நர்ஸ் அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டு, வலி இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெண் கேள்வியைப் புரிந்துகொண்டு, "நோ, நோ" என்றாள். நர்ஸ் தலையாட்டிவிட்டு, வலி இல்லை என்று எழுதப் போனாள். யாழ்ப்பாணத்தில் வலிக்கு நோ என்றுதான் பெயர். என் மனைவிக்கும் அது அதுவரை தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவளுக்கு அவள் சொல்வது ஆங்கில 'நோ' இல்லை என்று பட்டது. "ஏம்மா, வலிக்குதா?" என்று கேட்டாள். "ஓம் அக்கா, சரியான நோ" என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. அன்று சாயந்தரமே குழந்தை பிறந்தது. அதன் பிறகு என் மனைவி நிறுத்தவில்லை.

அந்த வருடம் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் சின்ன வயதுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், மருந்துக் கடையில் வேலை. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்குப் போன் செய்தார்.

விழாச் சாப்பாட்டை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். சிலர் பொங்கல், சிலர் வடை, நாங்கள் எப்போதும் சேவை. எங்கள் கோவைப் பக்கத்தில் இடியப்பத்தைப் பிழிந்து, உதிர்த்து, எலுமிச்சையோ தேங்காயோ சேர்த்துத் தாளித்தால் அதற்குச் சேவை என்று பெயர். அதுவரை செயலாளராக இருந்தவர்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்காரர்கள், அல்லது மலேசியாக்காரர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

"ஐயா, விழா விசயமா எல்லாரோடையும் ஒருக்கா கதைக்கிறன். உங்கட பக்கத்தால என்ன சொல்லுறியள்?" என்றார்.

"சேவைக்கு எங்க வீட்டம்மா பேரை எழுதிக்குங்க" என்றேன்.

என் மனைவியை அவர் அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்றுதான் கூப்பிடுவார். "அன்ரியின்ர பேரையோ?"

"பின்ன? இத்தனை வருஷமா அவதானே பண்ணிட்டிருக்கா. வேற யாரு இருக்கா?"

"ஓம் ஐயா. அது உண்மைதான்."

"நூறு பேருக்குக் குறையாது. எனக்கு எண்ணிக்கை தெரியும்."

"நூறுக்கு மேலயும் இருக்கும் ஐயா." அவர் குரல் கொஞ்சம் இளகியதுபோல இருந்தது. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. "அப்ப கமிட்டியில மற்றவையிட்டையும் ஒருக்காக் கேக்கட்டோ?"

"இதுக்கெல்லாம் எதுக்குங்க கமிட்டி? உறுதின்னு போட்டுக்குங்க."

போனை வைத்துவிட்டு அரிசியை எத்தனை கிலோ ஊறவைப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

விழா நாளன்று காலை என் மனைவி நான்கு பெரிய பாத்திரங்களில் சேவையை அடைத்து, ஈரத் துணி போட்டு மூடி, ஹாலின் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனாள். பழைய நூல் புடவை. முந்தானையில் மஞ்சள் கறை. நான் வழக்கம்போல ஆடும் நாற்காலிகளைத் தேடி எடுத்துச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று கிடைத்துவிட்டன. நான்காவதைத் தேடும்போது செயலாளர் வந்தார். வேட்டி கட்டியிருந்தார்.

"ஐயா, அன்ரி என்ன சீலை மாத்தேல்லையோ? குசினிக்குள்ள நிக்கிறா."

"அவ எதுக்கு மாத்தணும்? பரிமாறுற வேலைதானே."

"பொன்னாடை போர்த்தேக்குள்ளயும் அந்தச் சீலையோடதானோ? முன் வரிசையில கொண்டுவந்து இருத்துங்கோ ஐயா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாருக்குப் பொன்னாடை?"

"அன்ரிக்குத்தான். நீங்கள்தானே சொன்னனீங்கள், சேவைக்கு அவவின்ர பேரைப் போடச் சொல்லி."

நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அது ஆடியது. தொலைபேசியில் நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் திரும்பி வந்தது. வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். நூறு பேருக்குக் குறையாது என்றிருக்கிறேன். கமிட்டி எதற்கு என்று வேறு கேட்டிருக்கிறேன். இத்தனை வருடங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவன், கேட்பதிலேயே மிக மோசமான விதத்தில் கேட்டு முடித்திருந்தேன்.

"தம்பி, நான் சாப்பாட்டைச் சொன்னேன். சேவைன்னா இடியப்பம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். "இடியப்பத்தையோ சொன்னனீங்கள்?" என்றவர் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். "அப்ப நூறு பேர்?"

"நூறு பேருக்குச் சாப்பாடு."

"நான் நூறு பிள்ளைப்பெறு எண்டு நினைச்சன் ஐயா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பேரை வெட்டிடுங்க. இப்பவே. எம் பொண்டாட்டிக்கு நானே கேட்டு வாங்கினேன்னு நாளைக்கு ஊரே பேசும். அவளுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வெட்ட ஏலாது ஐயா. நீங்கள் கேட்டதுக்காகக் குடுக்கேல்லை. நீங்கள் வேண்டாமெண்டாலும் நான் கமிட்டியில கேட்டனான். உங்களைத் தவிர ஒன்பது பேர். ஒன்பது பேரும் கை உயர்த்தினவை. என்ர மனிசியோட ஆஸ்பத்திரியில நிண்டது ஆர் எண்டு நினைக்கிறியள்? நான் அண்டைக்கு நைட் ஷிப்ட்."

ஒன்பதுக்கு ஒன்பது. எங்கள் கமிட்டியில் காப்பியா டீயா என்பதற்குக்கூட ஒன்பது கைகள் ஒன்றாக உயர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. தலைவரிடம் போனேன். அவர் மலேசியத் தமிழர், பல் டாக்டர். நடந்ததைச் சொல்லி, நானாகக் கேட்கவில்லை என்பதை மேடையில் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "கண்டிப்பா சார், சொல்லிடுவோம் லா" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தே நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் பிள்ளைகளுக்குப் பரிசு. பதினேழு பேர். மன்னார்க் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அவள் அப்பா, பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்பவர், கைதட்டல் ஓய்ந்த பிறகும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் நானும் கூடத் தட்டியிருப்பேன். அன்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். என் தொலைபேசிப் பேச்சை ஒரு வரி விடாமல், என் குரலிலேயே பேசிக் காட்டினார். 'இதுக்கெல்லாம் எதுக்குங்க கமிட்டி' என்ற இடத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சேவை என்றால் இடியப்பம் என்று விளக்கிய இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் சிரித்தார்கள். "பொன்னாடையை அவர் கேக்கவே இல்ல. அவர் சொன்னது பலகாரம். எங்க காதுல விழுந்தது நியாயம்" என்று தலைவர் முடித்தபோது என் பின்னால் இருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவியைச் சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். ஒரு கையில் கரண்டி. மேடைக்கு ஏறும்போதும் அதை யாரிடமும் கொடுக்க மறந்துவிட்டாள். மஞ்சள் கறையின் மேல் பொன்னாடை விழுந்தது. ஹால் முழுக்க எழுந்து நின்றது. இருநூற்று ஆறு நாற்காலிகளும் காலி. சுவரோரம் நின்றவர்கள் வேறு. ஒருவர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "எனக்குப் பேச வராதுங்க. சேவை காஞ்சு போகுது, சாப்பிட வாங்க" என்றாள். அதற்கு விழுந்த கைதட்டலில் நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் பொன்னாடையை மடியில் மடித்து வைத்திருந்தாள். தார்ன்டன் ஹீத் சிக்னலில் நின்றபோது, "ஏனுங்க" என்றாள்.

"என்ன?"

"நீங்க கேக்கலைன்னு மைக்குல சொல்லச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா. பின்ன, நான் கேட்டு வாங்கினேன்னு யாரும் நினைச்சிரக் கூடாதில்ல?"

"நினைச்சா என்னங்க?" சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அத்தனை பேரு முன்னால, எம் புருஷன் எனக்காகக் கேக்கலைன்னு ஒருத்தர் மைக்குப் போட்டுச் சொல்றாரு. நான் கரண்டியோட நின்னு கேட்டுட்டிருக்கேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"எனக்கு ஆசை இருந்துச்சு. ரொம்ப வருஷமா" என்றேன்.

"அதைச் சொல்லியிருக்கலாமில்ல அந்த மைக்குல" என்றாள். பிறகு, "போங்க, பச்சை விழுந்திருச்சு" என்றாள். கோபம் இல்லை. லேசாகச் சிரித்ததுபோலவும் இருந்தது.

பொன்னாடை எங்கள் முன்னறை அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் அது என்ன என்று கேட்பார்கள். "லண்டன்ல எங்க சங்கம் இவளுக்குப் போர்த்தினது. நான்தான் போன் போட்டுக் கேட்டு வாங்கினேன்" என்று சொல்வேன். அவள் காப்பி எடுத்துக்கொண்டு வருவாள். மறுத்துப் பேச மாட்டாள்.