மூன்றாம் கட்டத்துக் குலவை

முனியாயி செத்த அன்று அவள் மகன் வெள்ளையன் அழவில்லை. அழாமல் இருந்ததை மட்டும் ஊர் மன்னித்திருக்கும். ஆனால் அவன் செய்த இன்னொரு காரியத்தைப் மலைமேல் பெரக்கரை நாட்டில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார்கள். வாசலில் குப்புசாமியின் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. குழி வெட்டப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. வெள்ளையன் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் குந்தினான். ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் குறைத்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு வந்து அம்மாவின் கால்மாட்டில் பழையபடி உட்கார்ந்துகொண்டான்.

"கிறீச்சுன்னு இருந்துச்சுங்க" என்றான், கேட்டவர்களிடம்.

பெத்தவள் கிடக்கிறாள், இவனுக்குச் சத்தம் கிறீச்சென்று இருந்ததாம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அவனைக் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவன் பிழைப்பு என்ன என்று தெரிந்துகொள்வது நியாயம்.

வெள்ளையன் ரிதம் பேட் அடிப்பவன். கொஞ்சம் மிளகும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டுதான். ஆனால் என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "பேட்டுங்க" என்றுதான் சொல்வான். சின்னப் பெட்டி அகலத்துக்கு ஒரு கருவி. மேலே கறுப்பு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சத்தத்தை அடைத்து வைத்திருப்பார்கள், குச்சியால் தட்டினால் அது வெளியே வரும். ஒன்றில் பம்பை, ஒன்றில் உருமி, ஒன்றில் சங்கு. முன்பெல்லாம் ஒரு ஜீப் நிறைய ஆள் வந்து இறங்கிச் செய்த வேலையை இவன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சோளக்காடு நிறுத்தத்தில் இறங்குவான்.

இதற்கு அவன் வந்து சேர்ந்ததும் ஒரே நாளில் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் மைக்செட் குப்புசாமியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அப்போது குழாய் ஸ்பீக்கர் காலம். பலாமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டால் பாட்டு பள்ளத்தைத் தாண்டி எதிர்மலைக்காரன் காதில் போய் விழும். கேசட் நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைக் கொடுத்துச் சுற்றுவான். அப்புறம் சி.டி. வந்தது. ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள் அதில் கீறல் விழுந்து, அம்மன் பாட்டு பாதியில் விக்கும். பென் டிரைவ் வந்து அந்த விக்கலைத் தீர்த்தது. பிறகு பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. அவற்றின் சத்தம் அடுத்த வளைவைத் தாண்டாது, ஆனால் பக்கத்தில் நிற்பவன் நெஞ்சாங்கூட்டைக் குலுக்கும். பையன்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பழசுதான் நல்லது என்று புலம்புகிற ஆள் இல்லை வெள்ளையன். புதுசு எது வந்தாலும் அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.

பேட் வாங்கிய புதிதில் உள்ளே குலவை இல்லை என்பது அவனுக்குக் குறையாக இருந்தது. மாரியம்மன் முன்னால் பம்பை உச்சத்துக்குப் போகும்போது பெண்களின் குலவை எழ வேண்டும். பெட்டி ஸ்பீக்கர் சத்தத்தில் அவர்கள் போடும் குலவை அவர்களுக்கே கேட்பதில்லை. ஒரு நாள் காலையில் அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போய் நின்றான்.

"கொலவையா? இப்ப எதுக்குடா?" என்றாள் முனியாயி. "சாமி இல்ல, சீரு இல்ல. சும்மா கொலவ போட்டா ஊடு வெளங்குமா?"

"ரெக்கார்டு பண்ணிக்கறேம்மா. இந்த மிசினுக்குள்ள போட்டு வெக்கோணும்."

முனியாயி பேட்டை மேலும் கீழும் பார்த்தாள். காரணமில்லாமல் குலவை போடும் வழக்கம் அந்த மலையில் கிடையாது. பொங்கல் பொங்க வேண்டும், இல்லையென்றால் சாமி கிளம்ப வேண்டும். மகன் கேட்டும் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வழக்கத்தையும் விட முடியவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அப்ப அதுக்குப் பொட்டு வையி."

பேட்டின் மூலையில் குங்குமம் வைத்தான். சூடம் காட்டினாள். இப்போது அது மிசின் இல்லை, சாமி. இனி போடலாம். கிழக்கே பார்த்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, வெட்கமும் சிரிப்புமாக முனியாயி மூன்று தடவை குலவை போட்டாள். போட்டு முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே மகனைப் பார்த்து, "போதுமா கண்ணு?" என்றாள்.

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. வெள்ளையன் போனில் வைத்து முன்னும் பின்னும் வெட்டினான். முன்னால் ஒரு சேவல் கூவல், பின்னால் அந்தப் "போதுமா கண்ணு". தட்டியதும் கிளம்பி, சுத்தமாக முடிய வேண்டும் சத்தம், பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தால் தாளம் கெடும். வெட்டியதை மூன்றாம் கட்டத்தில் ஏற்றினான். முழுசாக இருந்ததைப் போனில் இடம் இல்லையென்று அழித்தான். தொழில்காரன் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

குலவை பிய்த்துக்கொண்டு போனது. மலையிலும் கீழேயும் பேட் வைத்திருப்பவன் ஒருத்தன் பாக்கியில்லாமல் கேட்டான், இவனும் போனில் அனுப்பினான். அவரவர் அதை உயர்த்திக்கொண்டார்கள், தாழ்த்திக்கொண்டார்கள், இரட்டை வேகத்தில் ஓட்டினார்கள். ஒரு லாரிக்காரன் அதையே ஹாரனாக வைத்திருக்கிறான் என்றுகூடக் கேள்வி. முனியாயிக்கு இதெல்லாம் பெரிதாக ஒன்றும் தெரியாது. திருவிழாவில் தன் குலவை ஸ்பீக்கரில் கிளம்பும்போது, அதற்கு இளைத்தவளா நான் என்று அவளும் கூடவே போடுவாள். "மிசினுல இருக்கறவளுக்குத் தொண்ட கட்டறதே இல்ல" என்று ராதிகாவிடம் சொல்லிச் சிரிப்பாள். ராதிகா வெள்ளையனின் மனைவி.

ஆனால் வெள்ளையனுக்கு என்ன ஆயிற்று என்றால், அந்தக் கட்டத்தைத் தட்டித் தட்டி அது அம்மா என்பதே மறந்துபோயிற்று. சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மூன்றாம் கட்டத்தைத் தட்டினால் குலவை வருகிறது. அவ்வளவுதான்.

மாசி மாதம் மிளகு காயப்போட்ட பாயிலிருந்து எழுந்திருக்கும்போது முனியாயி விழுந்தாள். திரும்ப எழவில்லை.

கருமாதி முடிந்தது. வெள்ளையன் சாப்பிட்டான், தூங்கினான், மிளகை மூட்டை கட்டினான். கேட்டதற்குப் பதில் சொன்னான். உள்ளே என்னவோ மரத்துக் கிடந்தது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி, கிள்ளினாலும் யார் தொடையையோ கிள்ளுவது போலிருந்தது. வலிக்கவில்லையே என்று கவலைப்படக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தான்.

"ஏனுங்க, என்னங்க?" என்றாள் ராதிகா.

"அம்மா சாப்பிடக் கூப்புடுமில்ல. அது எப்படிக் கூப்புடும்?"

"வெள்ளையா, சோறு ஆறுதுன்னு கூப்புடுவாங்க."

"அது தெரியும். கொரல் எப்படி இருக்கும்? எனக்கு வர மாட்டேங்குது."

ராதிகா தட்டை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள். அம்மா பேசுவதை நினைக்க நினைக்க அவன் காதுக்குள் மூன்றாம் கட்டத்துக் குலவைதான் வந்தது. அந்தக் குலவைக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு வார்த்தை வேண்டும். அவள் பேசிய ஒரே ஒரு வார்த்தை கிடைத்தால் இந்த மரப்பு விட்டுவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தான்.

கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தான். முனியாயி வருகிறாள், மருமகளுக்குப் பூ வைக்கிறாள், வாயசைத்து ஏதோ சொல்கிறாள். வீடியோக்காரன் அவ்வளவுக்கும் மேலே சினிமாப் பாட்டைப் பரப்பியிருந்தான். வாய் அசைகிறது, பாட்டு கேட்கிறது. அம்மா வைத்திருந்தது பட்டன் போன், அதில் யாருக்கும் பேசி அனுப்பத் தெரியாது அவளுக்கு. அவனுடைய பழைய மெமரி கார்டு எந்தப் போனிலும் திறக்கவில்லை. ஊர் ஊராகச் சத்தத்தைப் பிடித்து அடைத்து வைப்பவன் வீட்டில், பெத்தவள் பேசிய பேச்சு ஒரு துளி இல்லை. இருந்த ஒன்றையும் பிசிறு என்று வெட்டிப் போட்டவன் அவனேதான். அது நினைவுக்கு வந்த அன்றும் அவனுக்கு அழுகை வரவில்லை. பேட்டைத் துணி போட்டு மூடிவைத்தான்.

சித்திரையில் ஊர்த் திருவிழா. கேதம் விழுந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் ஊர்ச்சாமி முன்னால் அடிக்கக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. வெள்ளையனும் கேட்கப் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் பேளுக்குறிச்சி சுதாகர் போன் செய்தான். இவனைவிட வயதில் சின்னவன், பேட் அடிப்பவன், கீழே அவனுக்கு நல்ல பெயர்.

"அண்ணா, எங்க பக்கத்துல மாரியம்மன் நோம்பி. சவுண்டு மிக்சர் பாக்கற ஆளு வல்லீங்க. நீங்க வந்து நின்னாப் போதுமுங்க."

"ஊட்டுல சும்மாதான் கெடக்கறீங்க, போய்ட்டு வாங்க" என்று ராதிகாதான் துணியெடுத்து வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் சாமி கிளம்பியது. டிராக்டர் ட்ரெய்லரில் பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் சுவராக நின்றன. நடுவில் சுதாகர் பேட்டோடு நின்றான். வெள்ளையன் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து, எது ஏற வேண்டுமோ அதை ஏற்றி, எது இறங்க வேண்டுமோ அதை இறக்கிக்கொண்டிருந்தான். பம்பை ஏறியது. குலவை கிளம்பியது. அம்மாவின் குலவைதான், சுதாகர் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தான். வெள்ளையனின் விரல் தன் பாட்டுக்கு அதைச் சரிசெய்தது. ஒன்றும் தோன்றவில்லை.

குலவை மூன்றாவது தடவை முடிந்ததும் சுதாகர் எல்லாத் தாளத்தையும் சட்டென்று நிறுத்தினான். அந்த நிசப்தத்தில், இரண்டு பக்கத்துச் சுவரிலிருந்தும், மூச்சு வாங்கிக்கொண்டு முனியாயி கேட்டாள்.

"போதுமா கண்ணு?"

"போதாது" என்று தெரு முழுக்கப் பையன்கள் கத்தினார்கள். கைகள் மேலே போயின. பம்பையும் உருமியும் ஒன்றாக வந்து இறங்கின.

வெள்ளையனின் கை மிக்சரின் மேல் அப்படியே நின்றது. தேர் முக்கில் சாமியை நிறுத்தித் தேங்காய் உடைக்கும்போது ட்ரெய்லரில் ஏறிச் சுதாகரின் தோளைப் பிடித்தான்.

"அது உனக்கு எங்க கெடச்சுது?"

"எதுங்கண்ணா? கொலவையா? நீங்க அனுப்புனதுதானுங்க. மொத மொதல்ல நாந்தான கேட்டேன், வெட்டறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டீங்க. பின்னாடி மத்தவங்களுக்கெல்லாம் வெட்டி அனுப்புனீங்களாட்ட. நா முன்னாடி சேவல் கூவறத மட்டும் வெட்டுனனுங்க. அந்தம்மா கேக்கறது ஜோரா இருந்துச்சு, உட்டுட்டேன். பசங்க பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப இது இல்லாம சாமி நகராதுங்க." சுதாகர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தவன் இவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "யாருங்கண்ணா அது?"

"எங்கம்மா."

சுதாகர் பாட்டிலைக் கீழே வைத்தான். கேதத்துக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனவன்தான் அவனும். கையைப் பிசைந்தான்.

"எனக்குத் தெரியாதுங்கண்ணா. சத்தியமாத் தெரியாது. இப்பவே எடுத்தர்றேனுங்க."

"எடுக்காத" என்றான் வெள்ளையன். "அடி."

சாமி மறுபடி நகர்ந்தது. வெள்ளையன் தன் இடத்துக்கு வந்தான். பம்பை ஏறியது. முதல் குலவை வந்தது. அதில் ஈர விறகுப் புகையும் அடுப்படியும் செருகிய முந்தானையும் இருந்தன. எல்லாமே இருந்தன, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தனவோ. இரண்டாவது வந்தது. மூன்றாவது முடியும்போது, பேட்டைத் தவிர மீதி எல்லாவற்றையும் மிக்சரில் அடியோடு இறக்கிவிட்டான். சுதாகர் உயர்த்தி வைத்திருந்த குரலைக் கொஞ்சம் குறைத்தான். இப்போது அது அவள் அளவுக்கு இருந்தது.

"போதுமா கண்ணு?"

தெரு கத்தி முடித்தது. தாளம் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, அவள் கேட்டு முடித்ததுமே இவன் பேட்டையும் அடியோடு இறக்கிவிட்டிருந்தான். பையன்கள் கையைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்தார்கள். மிக்சருக்குப் பின்னால் ஒரு ஆள் முகமெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தான்.

"போதாதும்மா" என்றான் அவன்.

அதற்கப்புறம்தான் கையை எடுத்துத் தாளத்தை ஏற்றினான்.