மேட்டுத் தெருவின் இரண்டு குழாய்கள்

அவளுக்குக் காத்து மேடம் என்று பட்டப்பெயர் வைத்தவன் ஒரு கட்டடக்காரன். அவள் குடிநீர் அலுவலகப் பொறியாளர். புதுக் குடியிருப்பு வருகிற இடத்தில் தண்ணீர் போதுமா என்று அளந்து கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஆறு வருடத்துக்கு முன் அவனுடைய அடுக்குமாடிக்கு அளந்தபோது அழுத்தம் அமோகமாக இருந்தது. போட்டாள். குடிவந்தவர்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அளந்த அன்று மட்டும் பக்கத்துப் பகுதித் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திருப்பிவிட்டிருந்தான். விசாரணையில், "மேடம் அளந்ததுல ஏதாவது தப்பு நடந்திருக்கும்" என்று பவ்யமாகச் சொல்லி நழுவிவிட்டான். அவளுக்குச் சஸ்பென்ஷன்.

ஆறிப்போகிற ஆத்திரமா அது? திரும்ப வேலையில் சேர்ந்ததும் மேட்டுத் தெருவில் அவன் பங்களாவுக்கு நேர் எதிரே வாடகைக்கு வீடு பிடித்தாள். தினமும் அவன் முகத்தில் விழித்தால்தான் கோபம் கெட்டுப்போகாமல் இருக்குமாம். அவள் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது பழைய மில் இடத்தில் நானூறு வீடு கட்ட விண்ணப்பித்திருந்தான். அளக்கப் போனாள். ஊரே தண்ணீர் பிடிக்கிற காலை நேரத்திலும் அழுத்தம் காட்டும் கருவியின் முள் அசையாமல் உயரத்தில் நின்றது. அங்கே ஓடுகிற ஒல்லிக் குழாய்க்கு இத்தனை தெம்பு ஏது? திரும்பும் வழியில் மேட்டுத் தெரு முனையில் நின்று பார்த்தாள். இரண்டு பகுதிக் குழாய்களையும் இணைக்கிற வால்வு அங்கேதான் இருக்கிறது. எப்போதும் மூடிச் சீல் வைத்திருப்பார்கள். குழி மூடியில் கடப்பாரை போட்டு நெம்பிய புதுக் கீறல்.

கத்தியிருக்கலாம். கத்தினால் வால்வு திருப்புகிறவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த மாதமே வந்து நிற்பான். அதனால் சிரித்தாள்.

"ரீடிங் பிரமாதம் சார். ஆனா நானூறு வீடாச்சே. ரெண்டு வாரம் கருவி அங்கேயே இருக்கட்டும். ராப்பகலா அதுவே பதிஞ்சுக்கும்."

அவன் முகம் போன போக்கைக் கண்குளிரப் பார்த்தாள். வால்வை மூடினால் முள் விழும். திறந்தே வைத்தால் மேட்டுத் தெருத் தண்ணீர் மில் பக்கம் இறங்கிவிடும், தெருவின் உச்சியில் இருக்கிற வீடுகள் காயும். உச்சியில் இருப்பது இரண்டே வீடு, அவனுடையதும் அவளுடையதும்.

இரண்டும் காய்ந்தன. அவன் புகார் கொடுக்க முடியாது, கொடுத்தால் ஆட்கள் வந்து குழியைத் திறப்பார்கள். தண்ணீர் லாரியும் கூப்பிட முடியாது, எதிர் பால்கனியில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கேன் தண்ணீர் கார் டிக்கியில் ஒளிந்து வந்தது.

அவளும் கீழ்த் தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். "நீ அவனப் பழிவாங்குறியா, என்னையா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் தம்பி வீட்டுக்குக் குளிக்கப் போனார். தோள் கழன்றது. எதிர்வீட்டில் கழுவாத பாத்திரம் குவிவதை நினைத்தால் வலி தெரியவில்லை.

கடைசியில் அவன் மனைவி காலி வாளியோடு வந்தாள்.

"உங்க வீட்லயாவது தண்ணி வருதாங்க?"

"சொட்டு இல்லக்கா."

"இவர் புகார் பண்ணாதேங்கறாரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு."

பாவம், அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். பொறியாளருக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. தானே புகார் கொடுத்திருக்கலாம்தான். பழைய பகை என்பார்கள். அதைவிட, அது அவன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை.

"உங்க பேர்ல குடுங்கக்கா. நாளைக்கே திறந்து பாத்துடலாம்" என்று தன் போனிலேயே அலுவலக எண்ணைப் போட்டு நீட்டினாள்.

மறுநாள் மேலதிகாரிகள் முன்னிலையில் குழி திறந்தது. சீல் உடைந்திருந்தது. வால்வை மூடியதும் மில் இடத்தில் முள் படுத்துவிட்டது. நானூறு வீட்டுக்கு இல்லை, நாலு வீட்டுக்குக்கூட அந்தத் தண்ணீர் போதாது. அனுமதி இல்லை என்று அங்கேயே எழுதினாள்.

மாலையில் அவன் தன் வீட்டு வாசலில் நின்றான். அவள் எதிரே போய் நின்றாள்.

"உங்க வீட்லயும்தான தண்ணி இல்ல? எப்படித் தாங்கினீங்க?"

"பழகிப்போச்சு சார். ஆறு வருஷமா காத்துதானே."

உள்ளே குழாய் கொட்டுகிற சத்தத்துக்கு மேல் அவன் மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, தண்ணி வந்துடுச்சு. மேடம் நின்னா ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க."

அவன் அதைச் சொல்லும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.